குடும்ப அறையில் ஒருவர்

திருகோணமலைக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் எல்லோரும் கோயிலைக் கேட்கிறார்கள், வெந்நீர்க் கிணறுகளைக் கேட்கிறார்கள், கடலின் நிறத்தைக் கேட்கிறார்கள். ஆறு நாள் இருந்தேன். கடலை ஒரு சன்னல் அகலத்துக்குப் பார்த்தேன். மீதி நேரமெல்லாம் அடுத்த வேளைச் சாப்பாட்டை எங்கே, எப்படி, யார் கண்ணிலும் படாமல் சாப்பிட்டு முடிப்பது என்ற யோசனையில் போய்விட்டது.

லாரி நிறுக்கும் எடைமேடைகளைச் சரிபார்ப்பது என் வேலை. கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கம்பெனியில் பதினேழு வருடமாக இதைச் செய்கிறேன். கல்குவாரி, நெல் மில், பஞ்சாலை என்று எங்கே கூப்பிட்டாலும் போவேன். சுமை ஏற்றிய லாரி மேலே நிற்கும்போது அடியில் படுத்துக்கொண்டு நட்டு முடுக்கியிருக்கிறேன். ஆனால் ஓட்டலில் ஒரு மேசையில் நான் மட்டும் உட்கார்ந்து ஒரு தோசை சாப்பிட்டது கிடையாது. நாற்பத்து நான்கு வயதில் இதை வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

வெளியூர் வேலைக்கு எப்போதும் முருகேசன் என்ற சக ஊழியர் கூட வருவார். வாயில் சோற்றை வைத்துக்கொண்டே தன் மைத்துனரின் வரப்புத் தகராறைச் சொல்வார். எனக்கு அவரைப் பிடிக்காது. ஆனாலும் எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் உலகம் நம்மைக் கேள்வி கேட்பதில்லை. இந்த முறை அவருடைய பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்ததைக் கடைசி வாரத்தில்தான் பார்த்தார். துறைமுகப் பக்கம் ஒரு தனியார் கிடங்கில் எடைமேடை தாறுமாறாகக் காட்டுகிறது, உடனே ஆள் வேண்டும் என்றார்கள். நான் மட்டும் கிளம்பினேன்.

ஞாயிறு மாலை போய்ச் சேர்ந்தேன். தங்குமிடத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது. கொத்து ரொட்டி தட்டும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. எல்லா மேசையிலும் நான்கு பேர், ஐந்து பேர். கடை வாசலை மூன்று முறை கடந்து போனேன். மூன்றாம் முறை கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்து, விலாசம் தேடுறீங்களா என்று அக்கறையாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பிறகு அவர் காட்டிய திசையில் கொஞ்ச தூரம் நடந்துதான் ஆக வேண்டியிருந்தது. அங்கே ஒரு பெட்டிக்கடை இருந்தது. கிரீம் பிஸ்கட்டும் வாழைப்பழமும் வாங்கி அறைக்குத் திரும்பினேன்.

வீட்டிலிருந்து மாமியார் கூப்பிட்டார். சாப்பிட்டாயா என்று கேட்டார். அடுத்த கேள்வி, யாரோடு என்பது. தனியாகத்தான் என்றதும் பாவம், பாவம் என்று உருகினார். எங்கள் வீட்டில் ஏழு பேர். எல்லோருக்கும் பரிமாறி முடித்து, கடைசியில் அடுப்பு மேடையில் தட்டை வைத்து நின்றபடியே சாப்பிடுகிறவள் நான். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். அதைத் தனியாகச் சாப்பிடுவது என்று யாரும் சொன்னதில்லை. பக்கத்து அறையில் ஆறு பேர் டிவி பார்த்துக்கொண்டிருந்தால் அது சேர்ந்து சாப்பிடுவது என்று ஆகிவிடுகிறது போல.

திங்கள் காலை கிடங்குக்குப் போனேன். முகாமையாளர் நசீர், மூதூர்க்காரர், மெல்லிய மனிதர். எடைமேடைக்கு என்ன கோளாறு என்று நான் கேட்டேன். பகல் சாப்பாட்டுக்கு நான் என்ன செய்யப் போகிறேன் என்று அவர் கேட்டார். அவருடைய ஆட்கள் வீட்டிலிருந்து சோற்றுப் பார்சல் கொண்டுவந்து சாக்குகளின் மேல் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். நான் நடுவில் இருந்தால் அவர்களுக்குச் சோறு இறங்காது என்றார். அதற்காக ஒரு பெண்ணைத் தனியாகச் சாப்பிட அனுப்பவும் அவருக்கு மனம் வரவில்லை. அரை மணி நேரம் இதிலேயே போனது. எடைமேடையின் இணைப்புப் பெட்டிக்குள் உப்புக்காற்று புகுந்து கம்பியெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. அதைச் சொன்னபோது அவர் அவ்வளவு கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கடைசியில், ஐந்து நிமிட நடையில் ஒரு கடை இருக்கிறது, மாடியில் குடும்ப அறை உண்டு, பாதுகாப்பானது என்று வழி சொன்னார். என்ன ஆபத்திலிருந்து பாதுகாப்பு என்று நான் கேட்கவில்லை.

கடையில் பரிமாறுகிறவர் ஜவ்பர். கிண்ணியாக்காரர். ஐம்பது வயது இருக்கும். எல்லோரும் அவரை அண்ணன் என்ற அர்த்தத்தில் நானா என்று கூப்பிட்டார்கள். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பார்த்தார். வாசல்வரை பார்த்தார்.

“மிஸ் ஒராள்தானா? மத்தவங்க பொறகு வாராங்களா?”

வருவார்கள் என்று சொன்னேன். யோசித்துச் சொன்னதல்ல, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் முகம் மலர்ந்தது. மாடிக்கு அழைத்துப் போனார். பிளைவுட் பலகையால் தடுத்து நான்கு அறைகள், ஒவ்வொன்றுக்கும் பூப்போட்ட திரை. நுழைவில் ‘குடும்பங்களுக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தது. அந்தப் பலகைக்குக் கீழே என்னை ஒருத்தியாக நுழைத்து, நான்கு தட்டும் நான்கு கிளாசும் வைத்துவிட்டுப் போனார். சன்னல் வழியாகக் குடாவும், சரக்கு இறக்க முறை பார்த்து நிற்கும் இரண்டு கப்பல்களும் தெரிந்தன. ஆளுக்கொரு மூலையில் நின்ற அந்தக் கப்பல்களை யாரும் பாவம் என்று சொல்லிக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை.

முதலில் ஒரு பெரிய தட்டு வந்தது. ரோல்ஸ், பற்றிஸ், கட்லட், வடை என்று கோபுரமாக அடுக்கியிருந்தது. எங்கள் ஊரில் நம் முன்னால் வைத்தது நமக்கு. வைத்ததை மிச்சம் வைத்தால் மரியாதை இல்லை. சோறு வருவதற்குள் மூன்று ரோல்ஸும் இரண்டு பற்றிஸும் முடித்து, மூச்சுத் திணறக் கட்லட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும், மீதி அப்படியே அடுத்த மேசைக்குப் போகும் என்பதை மறுநாள்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போது பக்கத்து அறையிலிருந்து கடக் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு மறுபடியும் கடக். உறிஞ்சும் ஒலி. பேச்சுச் சத்தமே இல்லை.

அரை மணி நேரமாகியும் என் குடும்பம் வரவில்லை. ஜவ்பர் நானா திரையை விலக்கிக் கேட்டார். யாரும் வரமாட்டார்கள், நான் மட்டும்தான் என்று ஒப்புக்கொண்டேன். சாவுச் செய்தி கேட்டவர் போல நின்றார். பிறகு அவருக்கு ஏதோ தோன்றியது. நான் என்ன ஏதென்று கேட்பதற்குள் என் சோற்றுத் தட்டு, பருப்பு, தேங்காய்ப்பால் சொதி, மீன் குழம்பு எல்லாவற்றையும் ஒரே கையில் ஏந்திக்கொண்டு பக்கத்து அறையின் திரையைத் தள்ளினார்.

“ரெண்டு பேரும் தமிழ். ரெண்டு பேரும் தனிய. இனி என்ன கவல?” என்றார்.

உள்ளே ஓர் அம்மா. ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு வயது. அலுவலகத்துக்குக் கட்டும் சேலை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டிருந்தார். மடியில் ஒரு துண்டு. இரண்டு கையும் மணிக்கட்டுவரை சிவப்பு. வாயில் ஒரு நண்டுக்கால். குளித்துக்கொண்டிருக்கும்போது யாரோ கதவைத் திறந்துவிட்டது போல எங்களைப் பார்த்தார். ஆனாலும் நண்டுக்காலை வெளியே எடுத்துவிட்டு, இருங்கோ என்றார்.

உட்கார்ந்தேன். எதிரே ஒரு முகம் கிடைத்த மகிழ்ச்சியில் பேச ஆரம்பித்தேன். கோயம்புத்தூரைச் சொன்னேன், எடைமேடையைச் சொன்னேன், உப்புக்காற்றைச் சொன்னேன். என் வாயில் சோறு இருந்தது. நடுவில் எனக்கே என் குரல் முருகேசனின் குரல் மாதிரிக் கேட்டது. அந்த அம்மா நண்டைத் தட்டில் வைத்தார்.

“குறை நினையாதேங்கோ பிள்ளை,” என்றார். “நான் தனியச் சாப்பிடத்தான் இஞ்ச வாறனான்.”

கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. மழை வருகிறது, குடை எடுங்கள் என்று சொல்வது போலச் சொன்னார். நான் என் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பழைய அறைக்குப் போனேன். ஜவ்பர் நானா படிக்கட்டில் நின்று, சேர்த்து வைத்த சம்பந்தம் முறிந்ததைப் பார்ப்பவர் போல எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

சாப்பிட்டு முடித்து, கை கழுவி, கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு அந்த அம்மாவே என் அறைக்கு வந்தார். தன் பெயர் தவமணி என்றார். இப்போது பேசலாம் என்று உட்கார்ந்து கால் மணி நேரம் அன்பாகப் பேசினார். ஆனால் இரவு அறையில் இரண்டு பாக்கெட் பிஸ்கட் தின்று தீர்க்கும் அளவுக்கு எனக்கு மனம் புண்பட்டிருந்தது.

செவ்வாயும் அங்கேதான் போனேன். போகிற வழியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளிமான் ரோட்டோரம் நின்று வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தது. அந்த ஊரில் மான்கள் மாடுகள் மாதிரித் திரிகின்றன. சுற்றிலும் ஓட்டோக்கள், ஆட்கள், பள்ளிப் பிள்ளைகள். அது யாரையும் எதிர்பார்க்காமல், செல்போனை எடுத்துப் பார்க்காமல், நிதானமாகத் தின்றது.

நான் அந்த நிலைக்கு வரவில்லை. ஆகவே ஒரு ஃபைலைக் கொண்டுபோயிருந்தேன். எடைமேடைச் சான்றிதழ்ப் படிவத்தை மேசையில் விரித்து, இடது கையில் பேனா பிடித்து, கடும் வேலைக்கு நடுவே வேறு வழியில்லாமல் சாப்பிடுகிறவளாக ஆனேன். குடும்ப அறைக்குள் என்னைப் பார்க்க யாருமில்லை. இருந்தும் அப்படி ஆனேன். சொதி கொட்டி, சான்றிதழில் ‘பரிசோதித்தவர்’ என்ற இடம் மஞ்சளாகிவிட்டது. அந்தச் சான்றிதழ் இன்றும் அந்தக் கிடங்கில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது என்று நினைக்கிறேன்.

திரை சரியாக மூடாததால் அன்று தவமணி அம்மா சாப்பிடுவதைப் பார்த்தேன். கையில் போன் இல்லை, பேப்பர் இல்லை, சன்னலைக்கூடப் பார்க்கவில்லை. முருங்கையிலை போட்ட நண்டுக் குழம்பு. ஒரு காலை எடுப்பார், மூட்டில் கடிப்பார், உள்ளே இருப்பதை முழுசாக உருவுவார். அதைக் கொஞ்சம் பார்ப்பார். பிறகு சாப்பிடுவார். எடைமேடையில் முள் அசையாமல் நிற்கும்வரை காத்திருக்கும் ஆளிடம் இருக்கும் கவனம் அது.

முடித்துவிட்டு வந்தவரிடம், தினமும் வருவீர்களா என்று கேட்டேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் என்றார். ஆறு வருடமாக. வீடு லிங்கநகரில். கணவர் சிவபாதம், நீர்ப்பாசன வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மகன், மருமகள், மகள், பேரன் எல்லோரும் ஒரே வீட்டில். நல்ல மனிதர்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, கந்தோரில், அதாவது அவர் வேலை செய்யும் அலுவலகத்தில், அவர் பகலில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். வீட்டிலோ அவர் கந்தோர் கன்ரீனில் சாப்பிடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் இதுவரை சந்தித்துக்கொள்ளவில்லை.

வீட்டில் சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டேன்.

“என்னெண்டு சொல்லுறது? எனக்கு ஒரு குறையும் இல்லைப் பிள்ளை. அதுதான் கரைச்சல். குறை இருந்தாச் சொல்லலாம்.”

இதை யாரிடமும் கதைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தார். நான் தலையாட்டினேன்.

புதன்கிழமை புது கேபிள் வேண்டியிருந்தது. கிண்ணியாவில் ஒரு கடையில் இருக்கிறது என்றார்கள். கிடங்கு லாரி வரத் தாமதமாகும், நானே பஸ்ஸில் போய் வருகிறேன் என்று வீரமாகக் கிளம்பினேன். நிலையத்தில் நடத்துனர்கள் ஊர்ப் பெயர்களைப் பாதி விழுங்கிப் பாதியைக் கூவுகிறார்கள். நான் ஏறிய பஸ் கிண்ணியாப் பாலத்தைக் கடக்கும் கடக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது வடக்கே போய், நிலாவெளியைத் தாண்டி, இறக்கக்கண்டியில் என்னை இறக்கியது. கிண்ணியா எங்கே என்று கேட்டேன். அங்கே நின்ற மீனவர் ஒருவர் நான் வந்த திசையையே காட்டி, டவுனுக்குப் போய் அதற்கும் அங்கால என்றார்.

திரும்பும் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம். பசி. ஒரு கடையில் மாலு பணிஸ் வாங்கினேன், உள்ளே மீன் வைத்த பன். பஸ் தரிப்பிடத்தின் பின்சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, தண்டனை பெற்ற மாணவி மாதிரி அதைத் தின்றேன்.

பஸ் வந்ததும் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்தார். மடியில் கருவாட்டுப் பை. என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். வண்டி நகர்வதற்குள் ஆரம்பித்துவிட்டார். தனியவா வந்தீர்கள், கணவர் எங்கே, பிள்ளைகள் எத்தனை, விட்டுவிட்டு வர மனம் வந்ததா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அப்போது கேட்டார்:

“அப்ப சாப்பாடு? தனியவா சாப்பிடுறீங்கள்?”

அந்தக் கண்ணில் பாவம் ஊற ஆரம்பித்ததைப் பார்த்தேன். நான்கு நாளாக அதைப் பார்த்துச் சலித்துவிட்டது. இல்லையே என்றேன். எனக்கு ஒரு சிநேகிதி இருக்கிறார், துறைமுகப் பக்கம் ஒரு கடையில் தினமும் அவரோடுதான் பகல் சாப்பாடு என்றேன். அவர் நம்பாத மாதிரிப் பார்த்தார். நம்ப வைக்க வேண்டுமே என்று இன்னும் சேர்த்தேன். லிங்கநகர்க்காரர், தவமணி என்று பெயர், கந்தோரில் வேலை, நண்டு என்றால் உயிர்.

“எந்தத் தவமணி? சிவபாதண்ணையின்ர மனிசியோ? கண்ணாடி போட்டவ?”

“ஓம்,” என்றேன், உள்ளூர்த் தமிழ் வந்துவிட்ட பெருமையில்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் என்னை ஒன்றுமே கேட்கவில்லை. சன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவ்வளவு நேரம் பேசியவர் ஏன் திடீரென்று அமைதியானார் என்று எனக்குப் புரிந்தபோது அவர் இறங்கி வேகமாக நடந்துகொண்டிருந்தார்.

அன்று கேபிளை லாரிக்காரரே வாங்கி வந்தார். இரவு நான் எதையும் சாப்பிடவில்லை. பசியே இல்லை. ஆறு வருடமாக ஒரு மனுஷி பொத்திவைத்த விஷயத்தை, என்னைப் பாவம் என்று ஒருவர் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, ஒரு பஸ் பயணத்தில் கொட்டிவிட்டு வந்திருந்தேன்.

வியாழன் பகல் கடைக்குச் சீக்கிரமே போனேன். தவமணி அம்மாவிடம் முதலில் நானே சொல்லிவிட வேண்டும் என்று. ஆனால் கீழ்த்தளத்தில் நடு மேசையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, மடக்கிய குடையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். முன்னால் ஒரு பிளேன்டீ, பாலில்லாத தேநீர், ஆறிக் கிடந்தது. அவரைச் சுற்றியிருந்த கதிரைகளெல்லாம் காலி. என்னைக் கண்டதும் எழுந்தார்.

“தங்கச்சி, இந்தியாவில இருந்து வந்த பிள்ளை நீங்கள்தானே? நான் சிவபாதம்.”

காலையில் கந்தோருக்குப் போய்க் கேட்டாராம். அம்மா பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குத்தானே வருவார் என்று அவர்களே அவரிடம் சொன்னார்களாம். வீட்டில் ஒரு குறையும் இல்லை, நான் வந்து பார்க்கலாம் என்றார். அரிசி இருக்கிறது, மாவு இருக்கிறது, மீன் ஒவ்வொரு நாளும் வாசலுக்கே வருகிறது, குசினியில் புது அடுப்புப் பொருத்தியிருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார், ஏதோ வழக்கில் சாட்சிப் பொருள்களை அடுக்குவது போல.

“அவவுக்கு என்ன வருத்தமெண்டு உங்களிட்டயாவது சொன்னவவோ?” என்று கேட்டார்.

பொய் என் நாக்கில் தயாராக இருந்தது. இந்த முறை யோசித்தே சொன்னேன். தவறு என்னுடையது என்றேன். எனக்குத் தனியாகச் சாப்பிட வராது, பயம், அழுகை வந்துவிடும். ஊரில் யாரையும் தெரியாது. அந்த அம்மா என்மேல் இரக்கப்பட்டு இந்த வாரம் மட்டும் துணைக்கு வருகிறார் என்றேன். ஜவ்பர் நானா தட்டைத் துடைத்துக்கொண்டே, ஓமோம், மிஸ் சரியான பாவம் என்று சாட்சி சொன்னார்.

சிவபாதம் ஐயாவின் முகம் நீர் ஊற்றிய செடி மாதிரி நிமிர்ந்தது. இரக்கத்துக்காகச் சாப்பிட்டால் அது தர்மம். ஊருக்கும் சொல்லலாம். அதோடு விடாமல், இனி நான் கடையில் சாப்பிடவே கூடாது, மூன்று வேளையும் லிங்கநகர் வீட்டில்தான், எல்லோரும் கூடியிருந்து சாப்பிடலாம், மகளிடம் இப்போதே சொல்கிறேன் என்று போனை எடுத்தார்.

“அந்தப் பிள்ளை எனக்காகப் பொய் சொல்லுது.”

தவமணி அம்மா வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

“நான் ஆறு வருசமா இஞ்ச சாப்பிடுறன். தனிய.”

கடையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்திருப்பார்கள். மெல்லுவதை நிறுத்தினார்கள். சிவபாதம் ஐயா போனை மேசையில் வைத்தார். ஏன் என்று கேட்டார். சும்மா என்றார் அம்மா. அவர் மெதுவாக ஒவ்வொன்றாகக் கேட்டார். என்னில் கோபமா, இல்லை. பிள்ளைகள் ஏதும் சொன்னார்களா, இல்லை. உடம்புக்கு ஏதுமா, இல்லை.

“அப்ப என்ன?”

“நண்டு.”

“நண்டு வீட்டிலயும் காச்சுறம்தானே.”

“ஓம். உடைச்சு உங்களுக்குத் தாறன். பிள்ளையளுக்குத் தாறன். பேரனுக்கு ஓடு பாத்துத் தாறன். நான் சாப்பிடேக்க எல்லாரும் கை கழுவியிருப்பினம்.”

சிவபாதம் ஐயா வேறொன்று கேட்டார்.

“இதை ஏன் எனக்குச் சொல்லேல்ல நீர்? பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது.”

அம்மாவின் பார்வை அவர் முகத்திலிருந்து என் முகத்துக்கு வந்தது. நேற்று பஸ்ஸில் நான்தான் சொன்னேன் என்றேன். ஏன் சொன்னீர்கள் என்று அம்மா கேட்கவில்லை, காத்திருந்தார். நான் தனியாகச் சாப்பிடுகிறேன் என்று அந்தப் பெண் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக என்றேன். அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்லும்போது காது சுட்டது. அவர் என்னை நீண்ட நேரம் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு அவர் மாடிப்படியைப் பார்த்தார். ஏறவில்லை. நேரே போய்ச் சன்னலோரம் காலியாக இருந்த மேசையில் உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்து, கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி, நண்டு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றார் ஜவ்பர் நானா. சொல்லிவிட்டு ஓடிப்போய் சிவபாதம் ஐயாவுக்கு அதே மேசையில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

“அவருக்கு அங்கால ஒரு மேசை குடுங்கோ நானா,” என்றார் அம்மா.

சிவபாதம் ஐயா போய்விடுவார் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். வாசல்வரை போகவும் செய்தார். வெளியே வெயிலைப் பார்த்தார். திரும்பி வந்து, கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து குடையைச் சுவரில் சாய்த்தார். எனக்கும் நண்டு என்றார், யாரையும் பார்க்காமல்.

ஜவ்பர் நானா இப்போது என்னிடம் வந்தார். அவர் கண்ணில் கடைசி நம்பிக்கை. மிஸ் மேலே போகிறீர்களா, இல்லை இவர்களில் யாருடனாவது இருக்கிறீர்களா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நான் வாசலுக்கு அருகில், எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒரு மேசையைக் காட்டினேன். ஃபைலைக் கதிரைக்குக் கீழே வைத்தேன். போனைப் பையில் போட்டேன். கையை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. மடியில் வைத்தேன். மூன்று மேசையில் மூன்று பேர். ஜவ்பர் நானா தன் வாழ்நாளில் இப்படி ஒரு பகலைப் பரிமாறியிருக்க மாட்டார்.

எனக்குச் சோறும் மீனும் வந்தது. முதல் வாய் எடுக்கும்போது எதிர் மேசையில் ஒருவர் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவர் தன் தட்டுக்குத் திரும்பினார். இரண்டாம் வாயில் மீனுக்குப் புளி கொஞ்சம் கூடுதல் என்று தெரிந்தது. ஐந்து நாளில் முதல்முறையாக ஒரு சாப்பாட்டின் ருசி எனக்குத் தெரிந்தது.

சிவபாதம் ஐயாவின் முன்னால் ஒரு முழு நண்டு இருந்தது. அதைத் திருப்பினார். காலைப் பிடித்து இழுத்தார், வரவில்லை. கரண்டியால் தட்டினார், நண்டு வழுக்கி மேசையின் ஓரத்துக்குப் போனது. பக்கத்தில் ஒருவர் சிரிப்பை அடக்கினார். ஐயாவுக்கு வியர்த்தது. அறுபத்து மூன்று, நான்கு வயது இருக்கும். அத்தனை வருடமும் நண்டு அவருக்கு வெள்ளைச் சதையாகத்தான் தட்டில் வந்திருக்கிறது. ஜவ்பர் நானா உதவப் போனார். ஐயா கையால் தடுத்தார். தலையைத் தூக்கித் தன் மனைவியைப் பார்த்தார்.

தவமணி அம்மா எழுந்து போய் உடைத்துக் கொடுத்துவிடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் கதிரை ஒருமுறை அசையவும் செய்தது. ஆனால் அவர் எழவில்லை. கையிலிருந்த காலை முடித்தார். விரலை நக்கினார்.

“அந்தப் பக்கமில்லை,” என்றார், அங்கிருந்தபடியே. “மூட்டில கடியுங்கோ.”

ஐயா கடித்தார். கடக் என்று சத்தம் கேட்டது. குழம்பு தெறித்து வெள்ளைச் சட்டையில் ஒரு நீளக் கோடு விழுந்தது. அதைத் துடைக்க யாரும் எழுந்து போகவில்லை.